கிரேப் மர்ட்டில்: மொட்டையடிக்காமல் வளர்ப்பது எப்படி? டாலஸ் பக்கம் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு

பிளேனோ, ஃப்ரிஸ்கோ, இர்விங், மெக்கின்னி என்று டாலஸைச் சுற்றி எங்கே வீடு வாங்கியிருந்தாலும், உங்கள் வாசலிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு கிரேப் மர்ட்டில் நின்றுகொண்டிருக்கும். ஜூலை பிறந்து வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போது புல்தரை பழுப்பேறிவிடும், ரோஜாச் செடிகள் சோர்ந்துவிடும். இந்த மரமோ வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா, ரத்தச் சிவப்பு என்று கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும். டெக்சஸ் 1997-இல் இதைத் தன் மாநிலப் புதராக அறிவித்தது நியாயமான மரியாதைதான்.

அதே மரத்தைப் பிப்ரவரியில் போய்ப் பாருங்கள். தெருத்தெருவாக இடுப்பு உயரத்திலோ தலை உயரத்திலோ மொட்டையடித்து, தடித்த கட்டைகளாக நிறுத்தி வைத்திருப்பார்கள். இங்குள்ள தோட்டக்கலைக்காரர்கள் இதைக் 'கிரேப் மர்டர்' என்றே சொல்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அக்கம்பக்கத்தைப் பார்த்து, இதுதான் முறை போலிருக்கிறது என்று தாங்களும் ரம்பத்தை எடுத்துவிடுகிறார்கள். எனக்கு இது ஒவ்வொரு வருஷமும் மனசு ஆறாத காட்சி. இந்த மரத்துக்கு வெட்டு மிகக் குறைவாகவே தேவை. இடத்துக்கு ஏற்ற ரகத்தை நட்டுவிட்டால் வருஷத்தில் ஒரு காலைப்பொழுது வேலைதான்.

முதலில் அளவு, அப்புறம் நிறம்

நர்சரிக்குள் நுழைந்ததும் கண் பூவின் நிறத்துக்குத்தான் போகும். முதலில் கிளையில் தொங்கும் அட்டையைத் திருப்பி, முழு வளர்ச்சியில் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று படியுங்கள். பிப்ரவரியில் மொட்டையடிபடும் மரங்களில் பெரும்பாலானவை, 8 அடி இடத்தில் 25 அடி ரகத்தை வைத்ததால் வந்த வினை. ஜன்னலுக்குக் கீழே நிற்க வேண்டிய செடி கூரையைத் தொட்டால், வீட்டுக்காரர் வேறு என்ன செய்வார்?

ஊரில் பூமருது பார்த்தவர்களுக்கு இதன் பூ பழகிய முகமாகத் தெரியும். இரண்டும் ஒரே பேரினம். இதிலும் அதே மெல்லிய, விளிம்பு கசங்கிய இதழ்கள்தான், கொஞ்சம் சிறியவை. கிரேப் மர்ட்டிலின் பூர்வீகம் சீனாவும் அதை ஒட்டிய ஆசிய நாடுகளும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கு வந்து, அங்கேயே வேரூன்றிவிட்டது. பழைய ரகங்களுக்கு ஒரு குறை உண்டு: இலையில் வெள்ளை மாவு படியும் சாம்பல் நோய் சுலபமாகப் பிடிக்கும். 1956-இல் ஜான் கிரீச் என்ற தாவரவியலாளர் ஜப்பானின் யாக்குஷிமா தீவிலிருந்து இதே பேரினத்தின் இன்னொரு வகையின் விதைகளைக் கொண்டுவந்தார். அந்த வகைக்கு நோய் எதிர்ப்பும் அதிகம், பட்டையும் அழகு. வாஷிங்டனில் இருக்கும் தேசிய மரத் தோட்டத்தில் (நேஷனல் ஆர்போரீட்டம்) டொனால்ட் எகால்ஃப் இரண்டையும் இனக்கலப்புச் செய்து புதிய ரகங்களை உருவாக்கி, அவற்றுக்கு அமெரிக்கப் பழங்குடிகளின் பெயர்களை வைத்தார். நர்சரியில் நாச்செஸ், மஸ்கோகி, டஸ்கரோரா, அகோமா, டோன்டோ, ஜூனி போன்ற பெயர்களைப் பார்த்தால் அந்தத் தோட்டத்திலிருந்து வந்தவை என்று தெரிந்துகொள்ளலாம். புதியவர்களுக்கு நான் இவற்றைத்தான் சொல்வேன், மருந்தடிக்கும் வேலை குறையும்.

நாச்செஸ் வெள்ளைப் பூ. 30 அடி வரை போகும் உண்மையான மரம். 1978-இல் வந்த இந்த ரகத்தின் உரிந்த பட்டை இலவங்கப்பட்டை நிறத்தில் பளபளக்கும். மஸ்கோகி வெளிர் ஊதா, டஸ்கரோரா பவள இளஞ்சிவப்பு. இவையும் 20 அடியைத் தாண்டும். முன்புறப் புல்தரை நடுவே நிழல் வேண்டுமென்றால் இந்த மூன்றில் ஒன்று. வீட்டு மூலைக்கோ வேலியோரத்துக்கோ 10 அடிக்குள் அடங்கும் அகோமா, ஜூனி, டோன்டோ போதும். ஜன்னலுக்கு அடியில் வைக்க வேண்டுமென்றால் சிக்கசா, பொகொமோக் போன்ற குட்டை ரகங்கள். அவை முழங்கால், இடுப்பு உயரத்தோடு நின்றுவிடும். சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு டைனமைட். அதுவும் 20 அடி வரை வளரக்கூடியது என்பதை மறந்துவிடாதீர்கள்.

முடிவெடுக்கக் குழப்பமாக இருந்தால் ஜூலையில் மெக்கின்னிக்கு ஒரு நடை போய் வாருங்கள். அந்த ஊரில் கிரேப் மர்ட்டிலுக்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட ரகங்களை வளர்க்கிறார்கள். அட்டையில் இருக்கும் நிறத்துக்கும் வெயிலில் தெரியும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கே புரியும்.

இடமும் குழியும்

வெயில், வெயில், வெயில். நாளில் குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் விழாத இடத்தில் வைத்தால் பூ குறையும், சாம்பல் நோய் கூடும், கிளைகள் வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாகச் சாயும். பெரிய ரகங்களைச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி வையுங்கள். மின்கம்பிக்கு அடியில் குட்டை ரகம் மட்டும். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். உதிரும் பூ முழுக்கத் தண்ணீரில்தான் விழும்.

எந்த மாதத்தில் நடுவது? ஜூலையில் நிறத்தைப் பார்த்து ரகத்தை முடிவு செய்யுங்கள், அக்டோபரில் நடுங்கள். மேலே இலை உதிர்ந்து ஓய்வெடுக்கும் மாதங்களிலும் மண் சூடு தணியும்வரை வேர் வேலை செய்துகொண்டிருக்கும், அடுத்த கோடைக்குத் தயாராகிவிடும். கோடையில் நட்டாலும் பிழைக்கும். ஆனால் தண்ணீர்க் குழாயும் நீங்களுமாக ஆகஸ்ட் முழுக்கக் காவல் இருக்க வேண்டும்.

கடப்பாரையைத் தொடுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னதாகச் சொன்னால், ஆள் வந்து எரிவாயுக் குழாய், மின்கம்பி, இணையக் கம்பி எங்கே போகிறது என்று புல்லின் மேல் வண்ணம் தெளித்துக் குறி போட்டுவிட்டுப் போவார்கள். கட்டணம் கிடையாது. எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டாலஸ் பக்கத்து மண் கரிசல். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம்: மழையில் வீங்கும், வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதே குணம்தான் இங்கேயும். கிரேப் மர்ட்டில் இந்த மண்ணைத் தாங்கிக்கொள்ளும். லேசான அமிலத்தன்மை உள்ள மண் இருந்தால் இன்னும் சந்தோஷப்படும். நம்முடையது காரமண் என்பதால் சில இடங்களில் இரும்புச்சத்து கிடைக்காமல் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அப்போது, காரமண்ணிலும் வேலை செய்யும் கீலேட் வகை இரும்பு உரத்தைப் பார்த்து வாங்கிப் போட்டால் தெளிந்துவிடும்.

குழியின் ஆழம் தொட்டி மண்ணின் உயரம் மட்டுமே, அகலம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. தொட்டியிலிருந்து எடுத்ததும் வேர்கள் வட்டமாகச் சுற்றிக் கிடக்கிறதா பாருங்கள். சுற்றியிருந்தால் விரலால் பிரித்து விடுங்கள், பிரியாததைக் கத்தியால் கீறிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் வேர் தொட்டிக்குள் இருப்பதாகவே நினைத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். தண்டு அடியில் விரிந்து வேராக மாறும் இடம் மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். கரிசலில் ஒரு அங்குலம் தூக்கி வைத்தாலும் நல்லதுதான், தண்ணீர் தேங்காது. தோண்டிய அதே மண்ணைக் குழிக்குள் போட்டு மூடுங்கள். குழிக்குள் மட்டும் கடை மண்ணையும் உரத்தையும் நிரப்பினால், கரிசலுக்கு நடுவே அது ஒரு கிண்ணமாகித் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும். மேலே 3 அங்குலத்துக்கு மரத்தூளோ பட்டைத்துண்டோ மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது, சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர், அப்புறம் முதல் கோடை முடியும்வரை வாரம் ஒருமுறை ஆழமாக. புல்லுக்கு அடிக்கும் ஸ்பிரிங்க்ளர் மேல்மண்ணை மட்டும்தான் நனைக்கும். குழாயை மெதுவாகத் திறந்து தூரில் போட்டுவிடுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் அன்றைக்குத் தேவையில்லை. மூன்றாம் வருஷத்திலிருந்து கடும் வறட்சியில் மட்டும் கொடுத்தால் போதும். உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வசந்தத்தில் தூரைச் சுற்றிக் கொஞ்சம் மட்கிய உரம் போட்டால் போதும். புல்லுக்குப் போடும் தழைச்சத்து உரம் மரத்தடியில் அதிகம் விழுந்தால் இலையாகத் தள்ளும், பூ குறையும்.

கவாத்து

இந்த மரம் அந்த வருஷம் புதிதாக வரும் தளிரின் நுனியில்தான் பூக்கும். மொட்டையடிக்கும் பழக்கத்துக்கு ஆரம்பமே இந்தப் பாதி உண்மை: புதுத் தளிரில் பூக்கும் என்றால் எல்லாவற்றையும் வெட்டித் தளிர்க்க வைத்தால் நிறையப் பூக்குமே என்ற கணக்கு. வெட்டாமல் விட்ட மரத்திலும் ஒவ்வொரு கிளை நுனியிலும் புதுத் தளிர் வரத்தான் செய்யும், பூக்கத்தான் செய்யும்.

மொட்டையடித்தால் நடப்பது வேறு. வெட்டிய இடத்தில் பத்துப் பதினைந்து நீளக் குச்சிகள் கிளம்பும். பூங்கொத்து பெரிதாக வரும், எண்ணிக்கை குறையும். அந்த ஒல்லிக் குச்சிக்கு அதைத் தாங்கும் பலம் இருக்காது. ஒரு மழை பெய்தால் தரையைப் பார்த்துத் தொங்கும், காற்றடித்தால் பிய்ந்து விழும். பூக்கும் நாளும் தள்ளிப்போகும். வருஷா வருஷம் அதே இடத்தில் வெட்டினால் அங்கே முஷ்டி முஷ்டியாக முடிச்சு விழுந்துவிடும். தூரிலிருந்து வேர்க்கன்றுகள் புதராகக் கிளம்பும். எல்லாவற்றுக்கும் மேல், குளிர்காலத்தில் இலையில்லாமல் நிற்கும்போது தெரிய வேண்டிய அந்த வழவழப்பான தண்டும் விரிந்த கிளைகளும் போய்விடும்.

சரி, எப்படி வெட்டுவது? டாலஸில் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள், தளிர் விடுவதற்கு முன்னால். இலையில்லாததால் மரத்தின் எலும்பு அப்போதுதான் முழுசாகத் தெரியும். அக்டோபர், நவம்பரில் வெட்டவே கூடாது. வெட்டினால் தளிர்க்கத் தூண்டும், வந்த தளிர் முதல் உறைபனியில் கருகிவிடும். ஒரு நல்ல கைக்கத்தரி, நீளக் கைப்பிடிக் கத்தரி, மடக்கு ரம்பம் இருந்தால் போதும். வேலையைத் தொடங்கும் முன் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். மின்ரம்பத்தை கராஜிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வெட்டுவதற்கு முன் மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தத் தண்டுகள் பிரதானமாக இருக்கப் போகின்றன என்று முடிவு செய்யுங்கள். 3 அல்லது 5 தண்டுகள் ஒன்றையொன்று விலகி வெளிப்பக்கமாகப் போவது கண்ணுக்கும் அழகு, மரத்துக்கும் காற்றோட்டம்.

முதலில் தூரில் கிளம்பியிருக்கும் வேர்க்கன்றுகளை மண்ணோடு ஒட்ட எடுங்கள். இதைக் கோடையிலும் செய்யலாம். இளசாக இருக்கும்போது கையால் பிடித்து இழுத்துப் பிய்த்துவிடுவது கத்தரியைவிட மேல், அதே இடத்தில் மறுபடி வருவது குறையும். அடுத்து காய்ந்த கிளை, முறிந்த கிளை. பட்டதா உயிருள்ளதா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அப்புறம் ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் மெலிந்ததை எடுங்கள். நடுப்பக்கம் நோக்கித் திரும்பி வளரும் கிளைகளையும் எடுங்கள். கடைசியாக, தண்டின் கீழ்ப்பகுதியில் பக்கவாட்டில் கிளம்பிய சிறு கிளைகள். இளமரத்தில் இவற்றை ஒரே வருஷத்தில் எல்லாம் எடுக்காமல், இரண்டு மூன்று வருஷமாக மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போங்கள்.

எந்தக் கிளையையும் அது பிறந்த இடத்தில்தான் வெட்ட வேண்டும், பாதியில் அல்ல. கிளை தண்டோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், லேசாகப் புடைத்த ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்டினால் காயம் தானாக மூடிக்கொள்ளும். பெயின்ட்டோ தாரோ பூசத் தேவையில்லை. ஓர் அளவு சொல்கிறேன்: கட்டைவிரலைவிடத் தடித்த கிளையை வெட்டத் தோன்றினால் கத்தரியைக் கீழே வைத்து, ஏன் என்று ஒரு தரம் யோசியுங்கள். பெரும்பாலும் காரணம் இருக்காது. மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

கிளை நுனிகளில் போன வருஷத்து விதைக்காய்கள் கொத்தாக நிற்கும். அவற்றை வெட்டியே ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை. குளிரில் சின்னப் பறவைகள் வந்து கொத்தும். கைக்கெட்டும் குட்டை ரகங்களில் மட்டும், கோடையில் முதல் பூ முடிந்ததும் கொத்தை நறுக்கிவிட்டால் இரண்டாம் தடவை நன்றாகப் பூக்கும்.

புல் வெட்ட ஒப்பந்தத்துக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள் என்றால், ஜனவரியிலேயே அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: கிரேப் மர்ட்டிலைத் தொட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். கேட்காமலேயே வெட்டிவிட்டுப் போவது இங்கே சகஜம்.

ஏற்கெனவே மொட்டையடித்த மரம் வந்து வாய்த்தால்

பழைய வீடு வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை. மரத்தைக் கைவிட வேண்டியதில்லை. பொறுமையான வழி: ஒவ்வொரு முடிச்சிலும் கிளம்பிய குச்சிகளில் தடித்த, வெளிப்பக்கம் சாய்ந்த இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடியோடு எடுங்கள். அடுத்த பிப்ரவரியில் அதில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் நிறுத்துங்கள். மூன்று நான்கு வருஷத்தில் அது கிளையாகத் தடித்து முடிச்சை விழுங்கிவிடும். முடிச்சுகள் மிகவும் அசிங்கமாக இருந்தால், குளிர்கால முடிவில் மொத்த மரத்தையும் தரையோடு வெட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். பழைய வேரின் பலத்தில் ஒரே கோடையில் ஆள் உயரத்துக்கு எழும்பும். அதில் 3 முதல் 5 தண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து வளருங்கள். இடத்துக்கே பொருந்தாத பெரிய ரகமாக இருந்தால் மரத்தை எடுத்துவிட்டு அகோமா போன்ற ஒன்றை வையுங்கள்.

பயப்பட வேண்டியதும் வேண்டாததும்

ஏப்ரல் வரை இலை விடவில்லையா? இந்த மரம் தாமதமாகத்தான் எழுந்திருக்கும். கோடையில் பட்டை சுருள் சுருளாக உரிகிறதா? அது நோயில்லை, வளர்ந்த மரத்தின் இயல்பு. உள்ளே புதுப் பட்டை தெரிகிற அந்த வாரங்கள்தான் தண்டு அழகாக இருக்கும் காலம். இலையில் வெள்ளை மாவு பூசியதுபோல் வந்தால் சாம்பல் நோய். பெரும்பாலும் நிழலும் நெரிசலும்தான் காரணம், வேர்க்கன்றுகளை எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

உண்மையிலேயே கவனிக்க வேண்டியது பட்டைச் செதில்பூச்சி. அமெரிக்காவில் இது முதலில் 2004-இல் தென்பட்டதே நம் டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில்தான். தண்டின் கவைகளிலும் பழைய வெட்டுக்காயங்களிலும் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும். நகத்தால் அழுத்தினால் இளஞ்சிவப்புச் சாறு வரும். வேறு பூச்சியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க இந்த ஒரு அடையாளம் போதும். இது சுரக்கும் தேன்போன்ற நீர் இலையிலும் அடியில் நிற்கும் காரிலும் பிசுபிசுவென்று வழியும், அதன்மேல் கரும்பூஞ்சணம் படர்ந்து மரமே புகை பிடித்ததுபோல் கறுத்துவிடும்.

குளிர்காலத்தில் மென்மையான தூரிகையும் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்த நீரும் எடுத்துக்கொண்டு, கைக்கெட்டும் வரை தண்டைத் தேய்த்துக் கழுவுங்கள். பூச்சியும் முட்டையும் கருப்பும் பெருமளவு போய்விடும். கோடையில் மரத்தில் கறுப்புப் பொறிவண்டுகளைப் பார்த்தால் விட்டுவிடுங்கள், அவை இந்தப் பூச்சியைத் தின்பவை. மண்ணில் ஊற்றி வேர்வழி ஏறும் மருந்துகளும் விற்கிறார்கள். அவை பூவின் மகரந்தம் வரை போகும், தேனீக்கள் அந்த மகரந்தத்துக்குத்தான் வருகின்றன. அதனால் கழுவிப் பார்த்தும் அடங்காத மரத்துக்கு மட்டும், உங்கள் கவுன்டியில் இருக்கும் டெக்சஸ் ஏ அண்ட் எம் அக்ரிலைஃப் எக்ஸ்டென்ஷன் என்ற வேளாண் ஆலோசனை அலுவலகத்தில் கேட்டுவிட்டு அதைத் தொடுங்கள்.

கடைசியாக உறைபனி. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. அந்த வசந்தத்தில் ஏராளமான கிரேப் மர்ட்டில்கள் மேலே துளிர்க்கவே இல்லை, செத்துவிட்டதென்று பலர் தோண்டி எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட குளிர் வந்துபோனால் மே நடுவரை ரம்பத்தைத் தொடாதீர்கள். கிளைகளை நுனியிலிருந்து கீழ்நோக்கி நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்து, பச்சை தொடங்கும் இடத்துக்குக் கீழே முதலில் வரும் கவை வரை வெட்டுங்கள். மேலே எதுவுமே பச்சை இல்லையென்றாலும் தூரைப் பாருங்கள். அங்கே குருத்து கிளம்பியிருந்தால் பட்ட தண்டுகளை மட்டும் தரையோடு எடுத்துவிட்டு, ஜூன் வரை குருத்துகளை வளரவிட்டு, அவற்றில் பலமான ஐந்தை நிறுத்துங்கள்.